பெட்டிக்குள் ஒரு மிக்-21

ஜெட் விமான மாடல் கிட்டின் பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானம் இருக்காது. ஜன்னல் கம்பிகளைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பிளாஸ்டிக் சட்டங்களில் இறக்கை, வால், சக்கரம், விமானியின் இருக்கை என்று துண்டு துண்டாகக் காய்த்துத் தொங்கும். கூடவே நிறமில்லாத ஒரு சட்டத்தில் கண்ணாடிப் பாகங்கள், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் தாள், படிப்படியாக வழிகாட்டும் கையேடு. பசையும் வண்ணமும் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். இந்தத் துண்டுகளை ஒட்டுவது இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும். ஒட்டிய தடயம் தெரியாமல் மறைப்பதற்கும் வண்ணம் பூசுவதற்கும்தான் வாரக்கணக்கில் ஆகும்.

கிட்டின் அளவை விகிதத்தால் சொல்வது வழக்கம். விமான மாடல்களில் மிகப் பழகிய விகிதம் 1/72. ஆறடி மனிதன் இதில் ஓர் அங்குல உயரம் இருப்பான். கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம் 1936இல் 'பெங்குவின்' என்ற பெயரில் வெளியிட்ட தொடக்ககாலப் பிளாஸ்டிக் கிட்களே இந்த விகிதத்தில்தான் வந்தன. இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானம் எது, நம் விமானம் எது என்று வீரர்களுக்கு அடையாளம் காட்டவும் இதே அளவு மாடல்கள் பயன்பட்டன. 1953இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் விமானத்தை 1/72இல் வெளியிட்ட பிறகு அந்த அளவு நிலைத்துவிட்டது. பிறகு வந்தவர்களில் ஜப்பானின் தமியா, ஹசெகாவா, செக் நாட்டின் எடுவார்ட், சீனாவின் ட்ரம்பெட்டர் ஆகியவை இன்று பெரிய பெயர்கள்.

ஒரு ஜெட் மாடல் எப்படி உருவாகிறது என்று பார்க்க மிக்-21 பொருத்தமான விமானம். உலகில் 11,000க்கும் மேல் தயாரான ஜெட் அது. இந்திய விமானப்படையில் 1963இல் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. நிஜ விமானத்தின் இறக்கை முனைக்கு முனை சுமார் 7.15 மீட்டர். 1/72இல் அது 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; 1/48இல் ஏறக்குறைய 15; 1/32இல் 22, அதாவது ஒரு சாண். அலமாரியில் இடம் குறைவாக இருப்பவர்கள் 1/72 பக்கம் போவதும், விமானி அறையின் கருவிகளை ஒவ்வொன்றாகத் தீட்ட விரும்புபவர்கள் 1/48 பக்கம் போவதும் இதனால்தான்.

கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்: எந்த மிக்-21? இந்தியாவிலேயே அது பல உருவங்களில் பறந்தது. நாசிக்கில் ஹெச்ஏஎல் நிறுவனம் முதலில் உரிமம் பெற்றுக் கட்டியது எஃப்எல் வகை. அதன் முதுகு மெலிந்தது. இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு ஒரே ஒரு ஆயுதத் தாங்கி. உடலோடு சேர்ந்த பீரங்கி கிடையாது, வேண்டுமானால் வயிற்றுக்கு அடியில் தனிப் பெட்டியாகத் தொங்கவிட வேண்டும். அடுத்து வந்த எம் வகையில் முதுகு பருத்தது, தாங்கிகள் பக்கத்துக்கு இரண்டாயின, பீரங்கி உடலுக்குள் போனது. அதன் பிறகு பிஸ், கடைசியாக அதையே புதுப்பித்த பைசன். நிறமும் அப்படித்தான் மாறியது. அறுபதுகளில் எஃப்எல் விமானங்கள் வண்ணமே பூசாத உலோகப் பளபளப்பில் பறந்தன. 1971 போர் வந்தபோது அவற்றில் பலவற்றுக்குப் படைத்தளங்களிலேயே அவசரமாகப் பச்சை பூசினார்கள். பைசன்கள் பின்னாளில் வெளிர்சாம்பலுக்கு வந்தன. எஃப்எல் உடலில் பைசனின் சாம்பல் நிறத்தைப் பூசினால், விவரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் பிழையைக் கண்டுகொள்வார். ஆகவே, எந்த ஆண்டில் எந்த எண் தாங்கிய விமானம் என்று தீர்மானித்து, அதன் நிழற்படங்களைத் தேடி எடுத்து மேசையில் வைத்துக்கொள்வது நல்லது. கையேட்டைவிடப் படத்தை நம்பலாம்.

முதல் வேலை குளியல். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் பூசும் எண்ணெய்ப் பசை பாகங்களில் ஒட்டியிருக்கும். அது இருந்தால் வண்ணம் பிடிக்காது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் சட்டங்களைக் கழுவிக் காயவைத்தால் போதும். பிறகு ஒவ்வொரு பாகத்தையும் தேவைப்படும்போது மட்டும் நிப்பரால் வெட்ட வேண்டும். பாகத்தை ஒட்டி வெட்டாமல் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சக் காம்பைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்ப்பது முறை. ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் பிய்ந்து பள்ளம் விழும். எல்லாவற்றையும் முதல் நாளே வெட்டிக் குவித்தால் எது எங்கே போகும் என்று தெரியாமல் திண்டாட நேரிடும். பாகத்தின் எண் சட்டத்தில்தான் அச்சாகியிருக்கும்.

ஒட்டும் பசையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. மாடலுக்கான திரவப் பசை உண்மையில் ஒட்டுவதில்லை, கரைக்கிறது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி, இரு பக்கமும் ஒன்றாகக் கலந்து இறுகச் செய்கிறது. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பின் ஒரு முனையில் தூரிகையால் தொட்டால், திரவம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இடுக்கு நெடுக ஓடிவிடும். பிடித்திருக்கும் விரல் அந்த இடுக்கின் மேல் இருந்தால் பசை விரலுக்கு அடியிலும் புகுந்து ரேகையை அப்படியே பிளாஸ்டிக்கில் பதித்துவிடும். அநேகமாக ஒவ்வொருவருடைய முதல் மாடலிலும் இப்படி ஒரு கைரேகை இருக்கும். பித்தளைத் தகடு, ரெசின் போன்ற கூடுதல் பாகங்களை இந்தப் பசை கரைக்காது. அவற்றுக்குச் சூப்பர் குளூ வேண்டும்.

கட்டுவது எப்போதும் விமானி அறையில் தொடங்கும். உடலின் இரு பாதிகளையும் மூடிவிட்டால் அதற்குள் தூரிகை போகாது. மிக்-21இன் விமானி அறை சோவியத் விமானங்களுக்கே உரிய, பச்சையும் நீலமும் கலந்த ஒரு விசித்திர நிறம். வேறெங்கும் அதைப் பார்ப்பது கடினம். கருவிப் பலகையைக் கறுப்பில் தீட்டி, மேடான விளிம்புகளில் மட்டும் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்சாம்பலை உரசினால் முள்ளும் வட்டமும் தாமாக எழுந்து வரும். அறையோடு மூக்குச் சக்கரக் குழி, காற்று நுழையும் வாய், பின்னால் எஞ்சின் குழாய் ஆகியவையும் மூடுவதற்கு முன்பே உள்ளே போக வேண்டியவை.

மறக்கக்கூடாத இன்னொன்று எடை. நிஜ விமானத்தில் ரேடாரும் மின்னணுக் கருவிகளும் மூக்கை அழுத்திப் பிடித்திருக்கும். மாடலோ வெற்றுக் கூடு. இறக்கையும் வாலும் பின்னால் இருப்பதால் மூன்று காலில் நிறுத்தினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். மூக்குக் கூம்புக்குள்ளும் விமானி அறைக்கு அடியிலும் தூண்டில் ஈயக் குண்டுகளை ஒட்டி, உடலை டேப்பால் சேர்த்து, பின் சக்கரங்கள் வரவேண்டிய இடத்தில் விரலை வைத்துத் தாங்கிப் பார்க்கலாம். முன்பக்கம் சாய்ந்தால் சரி. ஒட்டி முடித்த பிறகு இந்த ஞானம் வந்தால் பயனில்லை.

உடலை மூடியதும் முதுகிலும் வயிற்றிலும் நெடுக ஒரு கோடு தெரியும். நிஜ விமானத்தில் அந்தக் கோடு இல்லை. வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல் இடுக்கில் பட்டியை நிரப்பி, காய்ந்த பின் 400, 600, 1000 என்று வரிசையாக நுண்மையான உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். அப்படித் தேய்க்கும்போது பக்கத்தில் இருந்த நுண்ணிய தகட்டுக் கோடுகளும் அழியும். அவற்றை ஊசிமுனையால் மீண்டும் கீற வேண்டும். எல்லாக் கோடும் பிழை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் நிஜ விமானத்திலேயே கோடு உண்டு. அதையும் நிரப்பி வழவழப்பாக்குவது உழைப்பை வீணாக்கும் வேலை. முடிந்ததாகத் தோன்றும்போது சாம்பல் நிறப் பிரைமர் ஒரு பூச்சு. பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தப்பிய ஒவ்வொரு கீறலும் அதில் வெளியே வந்துவிடும். மறுபடியும் பட்டி, மறுபடியும் உப்புத்தாள். இந்த இடத்தில்தான் பல கிட்கள் பாதியில் நின்று பெட்டிக்குத் திரும்புகின்றன.

கண்ணாடிப் பாகத்துக்கு வேறு கவனம். சூப்பர் குளூவின் ஆவி பட்டால் கண்ணாடி பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். காய்ந்தால் நிறமற்றுப் போகும் வெள்ளைப் பசையே அதற்குப் பாதுகாப்பு. வண்ணம் தீட்டும் முன் கண்ணாடியின் தெளிந்த பகுதிகளை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட வேண்டும். டேப்பின் மேல் முதலில் விமானி அறையின் உள்நிறத்தையும் பிறகு வெளிநிறத்தையும் பூசினால், டேப்பை உரித்த பின் சட்டத்தின் உள்பக்கமும் சரியான நிறத்தில் தெரியும்.

வண்ணத்துக்குத் தூரிகை, ஸ்ப்ரே டப்பா, ஏர்பிரஷ் என்று மூன்று வழிகள். ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரசரும் விலை கூடியவை. முதல் இரண்டு மூன்று கிட்களுக்கு அவை தேவையே இல்லை. நல்ல தூரிகையும் பொறுமையும் போதும். ஏர்பிரஷ் எடுத்தால் வண்ணத்தைத் தின்னர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில், மெல்லிய பூச்சுகளாக அடுக்க வேண்டும். ஒரே பூச்சில் மூடிவிடலாம் என்று நினைத்தால் வண்ணம் வழிந்து, செதுக்கிய கோடுகளையெல்லாம் நிரப்பிவிடும். தெளிக்கும்போது முகக்கவசமும் திறந்த ஜன்னலும் கட்டாயம்.

வண்ணம் பூசாத உலோகத்தைக் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். பச்சைப் பூச்சு சிறு குறையை மறைக்கும். அலுமினியப் பூச்சோ குறையைப் பெரிதாக்கிக் காட்டும். 1960களின் எஃப்எல்லைச் செய்ய விரும்புபவர் முதலில் உடல் முழுக்கப் பளபளக்கும் கறுப்பு பூசி, அது இறுகியதும் மேலே அலுமினிய லாக்கரைப் புகைபோல் மெலிதாகப் படரவிட வேண்டும். அடியிலிருக்கும் கறுப்புதான் மேலே உலோக ஒளியைத் தருகிறது. ஒவ்வொரு தகடும் சற்றே வேறுபட்டு மின்ன, சில தகடுகளை மட்டும் விட்டு மற்றதை மூடி, இன்னொரு உலோக நிறத்தைத் தூவலாம். எஞ்சின் வாய் சூட்டில் கறுத்த எஃகு நிறம். மூக்குக் கூம்பும் வால் முனையும் மட்டும் கரும்பச்சை: அவற்றுக்குள் ரேடாரும் ஆண்டெனாவும் இருப்பதால் அலைகள் ஊடுருவும்படி உலோகம் அல்லாத பொருளால் செய்யப்பட்டவை. சக்கரத்தின் நடுவட்டும் பச்சைதான்.

டெக்காலை மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல் மினுங்கும். அதனால் முதலில் பளபளப்பான தெளிபூச்சு. பிறகு தாளை வெட்டி வெதுவெதுப்பான நீரில் சில நொடிகள் நனைத்து, பரப்பின் மேல் வழுக்கி இறக்க வேண்டும். இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, மையத்தில் பச்சை. டெக்காலை மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டுவிட்டால் அது முதலில் சுருங்கிப் பயமுறுத்தும். அப்போது கை வைக்கக்கூடாது; காயும்போது தானே இறுகி, கோடுகளுக்குள் படிந்துகொள்ளும்.

கடைசியில் அழுக்கு. கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தின்னரில் நீர்க்கக் கரைத்துத் தகட்டுக் கோடுகளில் ஓடவிட்டு, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்தால் ஆழம் தெரியும். கோடுகளுக்கு அடியில் இருக்கும் பூச்சு அந்தத் தின்னரில் கரையாத வகையாக இருக்க வேண்டும். அக்ரிலிக் தெளிபூச்சு பாதுகாப்பானது. புகைக்கறை, எண்ணெய் ஒழுகல், உரிந்த வண்ணம் என்று அழுக்கை அள்ளிப் பூசும் பழக்கம் இன்று பரவலாக இருக்கிறது. ராணுவ விமானங்களைத் தினமும் கவனித்துத் துடைப்பதற்கென்றே ஆட்கள் உண்டு என்பதை அந்த மாடல்கள் மறந்துவிடுகின்றன. வண்ணப் பூச்சுள்ள மாடலுக்கு முடிவில் மங்கல் தெளிபூச்சு; உலோக மாடலுக்கு அது வேண்டாம்.

ஏவுகணை, சக்கரக் கதவு, ஆண்டெனா எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுவது மூக்கின் மேலிருந்து ஈட்டிபோல் முன்னால் நீளும் பிட்டோ குழாய். வேகத்தை அளக்கும் கருவி அது. கிட்டில் வரும் பிளாஸ்டிக் குழாய் சட்டத்திலிருந்து வெட்டும்போதே பாதி ஒடிந்துவிடும் என்பதால், அனுபவசாலிகள் ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சின் உலோக ஊசியை வெட்டி அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். எதைப் பொருத்தினாலும் இந்தக் குழாயை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ஒட்ட வேண்டும். மாடலை வெயில் படாத, கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் வைத்து, மென்மையான தூரிகையால் தூசு தட்டலாம். அப்போது முதலில் இடறுவதும் அந்தக் குழாய்தான். ஆகையால் வாலிலிருந்து தொடங்கி, மூக்கை எட்டுவதற்கு முன்பே கையை எடுத்துவிடுங்கள்.