கேசினோவில் ஒரு பழைய ராக் கச்சேரி: மேடையில் நிற்பது யார்?

1970, 80களில் பெரிய விளையாட்டு அரங்கங்களை நிரப்பிய அமெரிக்க ராக் குழுக்கள் எல்லாம் இப்போது என்ன செய்கின்றன? கலைந்து போயிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அவற்றில் நிறைய குழுக்கள் இன்னும் ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டுதான் இருக்கின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில், சுற்றிலும் சோளக்காடோ பாலைவனமோ இருக்கிற சின்ன கேசினோக்களில், ஆயிரம் பேர் உட்காரக்கூடிய ஒரு ஹாலில், வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு.

இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இருந்தது மூன்று கேள்விகள். ஏன் கேசினோ? மேடையில் நிற்பது உண்மையிலேயே அந்தக் குழுதானா? அது இல்லேன்னா, காசு கொடுத்துப் போறவங்க ஏமாறுறாங்களா?

ஏன் கேசினோ?

ஒரு காலத்தில் அமெரிக்காவில் கேசினோ என்றால் நெவாடா மாநிலம், 1970களின் கடைசியிலிருந்து அட்லாண்டிக் சிட்டி, அவ்வளவுதான். இன்று ஊருக்கு ஊர் கேசினோ இருப்பதற்குப் பெரிய காரணம் அமெரிக்கப் பழங்குடிகள். 1979ல் ஃப்ளோரிடாவின் செமினோல் பழங்குடியினர் தங்கள் நிலத்தில் பெரிய பரிசுத் தொகையுடன் பிங்கோ ஆட்டம் தொடங்கினார்கள். மாநில அரசு தடுக்கப் பார்த்தது, முடியவில்லை. கலிஃபோர்னியாவில் இண்டியோ நகரம் பக்கத்தில் கபசோன் என்ற மிகச் சிறிய பழங்குடிக் குழு இதே மாதிரி பிங்கோவும் சீட்டாட்டமும் நடத்தியது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1987ல் பழங்குடியினருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷமே, 1988ல், நாடாளுமன்றம் இதற்கென்று ஒரு சட்டம் போட்டது. இப்போது பழங்குடிக் கேசினோக்களின் மொத்த சூதாட்ட வருமானம் 2023 நிதியாண்டில் மட்டும் சுமார் 4,190 கோடி டாலர்.

அந்த 1988 சட்டத்தில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. வரும் லாபத்தைப் பழங்குடி அரசு எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்ய முடியாது. அரசு நிர்வாகம், மக்கள் நலம், பொருளாதார வளர்ச்சி, தர்ம காரியம், பக்கத்து உள்ளாட்சிகளுக்கு உதவி என்று ஐந்து வகைச் செலவுகளைச் சட்டமே சொல்கிறது. அதனால் ஒரு பழைய ராக் பாட்டுக்கு நாம் வாங்கும் டிக்கெட், சுற்றிச் சுற்றி எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துக்கோ மருத்துவமனைக்கோ போய்ச் சேர வாய்ப்பிருக்கு. பிங்கோவில் ஆரம்பித்த அதே செமினோல் பழங்குடியினர்தான் 2007ல் 'ஹார்ட் ராக்' என்ற உலகளாவிய ஹோட்டல், கேசினோ நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார்கள்.

இண்டியோ நகரத்தைப் பாருங்க, இன்னொரு வேடிக்கை. 2016 அக்டோபரில் பாப் டிலன், ரோலிங் ஸ்டோன்ஸ், பால் மெக்கார்ட்னி, நீல் யங், தி ஹூ, ரோஜர் வாட்டர்ஸ் எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டிய 'டெஸர்ட் ட்ரிப்' விழா நடந்தது அந்த ஊரில்தான். அதே ஊரில் கபசோன் குழுவினர் நடத்தும் கேசினோவிலும் பழைய குழுக்கள் வந்து வாசிக்கின்றன. பழைய நினைவுக்கு விலை வைக்கும் தொழிலின் மேல் படியும் நடுப் படியும் ஒரே ஊரில்!

டிக்கெட் கணக்கு

கேசினோ கச்சேரியின் டிக்கெட் மற்ற இடங்களை விட மலிவாக இருக்கும். இதற்குக் காரணம் தாராள மனசு இல்லை. சாதாரண அரங்கத்துக்கு டிக்கெட்தான் வருமானம். கேசினோவுக்குக் கச்சேரி என்பது ஆளை உள்ளே வரவழைக்கும் செலவு.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். குழுவின் சம்பளம் 50,000 டாலர். ஆயிரம் இருக்கை, தலைக்கு 35 டாலர் என்றால் 35,000 வரும். கச்சேரியில் 15,000 நஷ்டம். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் ஸ்லாட் மெஷினில் ஆளுக்கு 40 டாலர் விட்டுவிட்டுப் போனால் 20,000 வந்துவிடும். சாப்பாடு, சாராயம், அறை வாடகை எல்லாம் தனி.

இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் கட்டடத்தின் அமைப்பே புரிந்துவிடும். ஹாலுக்குப் போகவும் வரவும் சூதாட்டத் தளத்தைக் கடந்துதான் போகணும். கச்சேரி பெரும்பாலும் 75 முதல் 90 நிமிடம்தான். ஆரம்ப நிகழ்ச்சி பல நேரம் கிடையாது. பத்து மணிக்குள் கூட்டம் வெளியே வந்துவிட்டால் ஆடுவதற்கு இன்னும் நேரம் இருக்கே!

குழுக்களுக்கும் இது நல்ல ஏற்பாடு. டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் பேசிய தொகை கைக்கு வரும். அமெரிக்காவில் சாதாரண எஃப்.எம். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், பாட்டை எழுதியவருக்குப் பணம் உண்டு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கிடையாது. அதாவது, நாற்பது வருஷமாகத் தினமும் ரேடியோவில் வரும் பாட்டில் டிரம்ஸ் வாசித்தவருக்கு ரேடியோவிலிருந்து ஒரு காசு வராது. எழுபது வயதிலும் அவர் பஸ் ஏறிப் போக இது ஒரு பெரிய காரணம்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

இப்போ சிக்கலான கேள்விக்கு வருவோம். ஐம்பது வருஷத்தில் ஆட்கள் சாகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஓய்வு பெறுகிறார்கள். ஆனால் குழுவின் பெயர் ஒரு வணிக முத்திரை. அதற்குச் சாவு கிடையாது. யாரிடம் முத்திரை இருக்கிறதோ அவரே குழு.

'லினர்ட் ஸ்கினர்ட்' குழுவின் தொடக்க உறுப்பினர்களில் கடைசியாக இருந்த கேரி ராஸிங்டன் 2023 மார்ச்சில் இறந்தார். குழு தொடர்கிறது. 'ஜர்னி' குழு 2007ல் தன் பாடகரை யூடியூபில் கண்டுபிடித்தது. மணிலாவில் மற்றவர்களின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த ஆர்னெல் பினேடா. இதில் ரசிகர்களுக்குப் பெரிய மனக்குறை இல்லை.

'லிட்டில் ரிவர் பேண்ட்' கதை வேறு மாதிரி. 1975ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய குழு. பழைய நாட்களை நினைத்துப் பார்ப்பதையே தலைப்பாக வைத்த 'ரெமினிஸிங்' என்ற பாட்டு 1978ல் அமெரிக்காவில் பெரிய வெற்றி. அதை எழுதியவர் கிரேம் கோபிள். பிறகு பெயரின் உரிமை 1981ல் சேர்ந்த ஒரு கிட்டார் கலைஞரிடம் போனது. இன்று அந்தப் பெயரில் அமெரிக்காவில் சுற்றும் குழுவில் தொடக்க ஆட்கள் ஒருவரும் இல்லை. பாட்டை எழுதியவரும் முதலில் பாடியவரும் பிறகு சேர்ந்து மேடை ஏறியபோது, தங்கள் மூன்று பேரின் குடும்பப் பெயர்களைக் கோர்த்துத்தான் விளம்பரம் செய்ய முடிந்தது.

முழு மோசடியும் நடந்திருக்கு. 1974ல் 'ஃப்ளீட்வுட் மேக்' குழுவின் மேலாளரே சம்பந்தமில்லாத ஆட்களை அந்தப் பெயரில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பினார். 1980ல் 'டீப் பர்ப்பிள்' பெயரில், முன்னாள் பாடகர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குழு கிளம்பியது. நீதிமன்றம் 6,72,000 டாலர் கட்டச் சொன்னது. இந்த மாதிரிக் கூத்துகளைத் தடுக்க, ஷா நா நா குழுவின் ஜான் பாமன் முன்னின்று போராடி, 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஒரு சட்டம் வந்தது. முதலில் பதிவு செய்த குழுவின் ஆள் ஒருவராவது இருக்கணும், அல்லது பெயரின் முத்திரை உரிமை இருக்கணும், அல்லது 'இது அஞ்சலிக் குழு' என்று சொல்லிவிடணும். கவனிங்க, அந்த 'அல்லது'தான் ஓட்டை. முத்திரை கையில் இருந்தால் ஒரு பழைய ஆள்கூடத் தேவையில்லை.

இந்த ஓட்டையைத் தாண்ட ஒருவர் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கனடாவின் 'தி கெஸ் ஹூ' குழுவின் பெயரை அதன் பழைய பேஸ் கிட்டார் கலைஞர் பதிவு செய்து வைத்திருந்தார். பாடகர் பர்ட்டன் கம்மிங்ஸும் கிட்டார் கலைஞர் ராண்டி பாக்மனும் 2023ல் வழக்குப் போட்டார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போகும் அல்லவா? 2024ல் கம்மிங்ஸ் தன் பாட்டுகளைப் பொது மேடையில் பாட இருந்த உரிம ஏற்பாட்டையே ரத்து செய்தார். தன் வருமானம் போனாலும் பரவாயில்லை என்று! 'உனக்குப் பெயர் சொந்தம், சரி. பாட்டு என்னுடையது' என்கிற வாதம். பெயர் மட்டும் இருந்து பாட்டு இல்லாத குழுவை எந்தக் கேசினோ கூப்பிடும்? அதே ஆண்டு சமரசம் ஆகி, பெயர் அவர்கள் இருவரிடம் வந்தது.

நமக்கு இது புதுசு இல்லை. 2017ல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, தன் பாடல்களை அனுமதி இல்லாமல் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதை மறந்திருக்க மாட்டோம். குரல் யாருடையது, பாட்டு யாருடையது, நம் நினைவு யாருடையது என்கிற சண்டை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நான் பார்த்த கச்சேரி

இந்தப் படிப்புக்கு நடுவில் இப்படி ஒரு கச்சேரிக்கும் போய்வந்தேன். குழுவின் பெயரும் கேசினோவின் பெயரும் வேண்டாம். ஐந்து பேர் மேடையில். புகழ்பெற்ற ஆல்பத்தில் வாசித்தவர் அதில் ஒருவர். அவர் முக்கால்வாசி நேரம் உயரமான ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடி வாசித்தார். டிரம்ஸ் வாசித்த பையனுக்கு முப்பது வயது இருக்கலாம். பாட்டுகள் ரெக்கார்டில் இருப்பதை விட அரைச் சுருதி இறக்கி இருந்தன. வயதான பாடகர்கள் நிறைய பேர் செய்கிற ஏற்பாடுதான். எட்டாத இடத்தில் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார்.

கூட்டம் பாடியது, ஒரு வரி விடாமல். என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். இரண்டாவது பாட்டிலேயே கையைத் தூக்கிவிட்டார். "இதுல ஒருத்தர்தான் பழைய ஆளு, தெரியுமா?" என்று இடைவெளியில் கேட்டேன். "தெரியும். என் வீட்டுக்காரர் இருந்தா அவரும் இதையேதான் சொல்லிட்டு இருப்பாரு" என்று சிரித்தார்.

அப்போ ஏமாறுகிறார்களா?

உளவியலில் 'நினைவு மேடு' என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு. நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், சுமார் 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் அதிகம் வரும். அந்த வயதில் கேட்ட பாட்டும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. முதல் வேலை, முதல் காதல், ஊரை விட்டுக் கிளம்பியது எல்லாம் அதே காலம் என்பதால் பாட்டு அவற்றோடு சேர்ந்தே மனசில் பதிகிறது. ஆகவே அந்த ஹாலில் அசல் உறுப்பினர்கள் மேடையில் குறைவாக இருந்தாலும், கீழே நிறைய இருந்தார்கள் என்று சொல்லலாம். அந்த அம்மா பார்க்க வந்தது ஐந்து பேரை இல்லை.

ஆனால் இதைச் சொல்லி எல்லாவற்றையும் நியாயப்படுத்த முடியாது. பாட்டை எழுதியவர் தன் பெயரைப் போட முடியாமல் வெளியே நிற்பது அநியாயம்தான். கச்சேரி முடிந்து மனசு இளகி வெளியே வருகிற வயதானவர்களை நேராக ஸ்லாட் மெஷின் வரிசைக்குள் கொண்டுபோய் விடுகிற கட்டடமும் அப்பாவித்தனமானது இல்லை. நினைவு இலவசம்; அது கிளப்பிவிடுகிற மனநிலைக்குத்தான் அங்கே விலை.

நீங்க போறதா இருந்தா மூணு விஷயம் செய்யலாம். டிக்கெட் எடுக்கும் முன் இப்போது யார் யார் வாசிக்கிறார்கள் என்று குழுவின் தளத்தில் பாருங்க. விலகிப் போன பழைய ஆள் தன் சொந்தப் பெயரில் எங்காவது பாடுகிறாரா என்று தேடுங்க; பல நேரம் அவர் இன்னும் சின்ன ஹாலில், இன்னும் மலிவாகப் பாடிக்கொண்டிருப்பார். சூதாட்டத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்க, அது பூஜ்யமாக இருந்தால் ரொம்ப நல்லது. அதன்பிறகு பாட்டைக் கேளுங்க. மைக் உங்க பக்கம் நீளும்போது, வெட்கப்படாமல் பாடுங்க.