ஆறாம் வகுப்போடு நிற்பவரின் மொழி: நைஜீரியாவின் இஃபே சோதனை

கல்விக்குச் செலவிடும் பணம் ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்குப் பயன் தருகிறதா என்பதை அறிய, பல்கலைக்கழகம் வரை செல்லும் சிலரைவிட, தொடக்கப்பள்ளியோடு நின்றுவிடும் பலரைப் பார்ப்பதே பொருத்தம். ஒபாஃபெமி அவொலோவோ தலைமையிலான மேற்கு நைஜீரிய அரசு 1955இல் இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தபோது பிள்ளைகள் திரளாகப் பள்ளியில் சேர்ந்தனர். ஆனால் தொடக்க வகுப்புகளைத் தம் தாய்மொழியான யொரூபாவில் படித்துவிட்டு, பிறகு ஆங்கில வழிக்குத் தள்ளப்பட்ட அவர்களுள் பலருக்கு இரு மொழிகளிலும் எழுத்துப் பழக்கம் உறுதிப்படவில்லை.

இந்த விரயத்துக்கு விடை தேடிய கல்வியாளர் பாப்ஸ் ஃபஃபுன்வா, இஃபே பல்கலைக்கழகத்தின் வழியே, ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியுடன், 1970இல் ‘ஆறாண்டுத் தொடக்கக் கல்வித் திட்ட’த்தைத் தொடங்கினார். சோதனைப் பிரிவு ஆறு ஆண்டுகளும் யொரூபா வழியிலேயே கற்றது. ஆங்கிலத்தைத் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இரண்டாம் மொழியாகக் கற்பித்தார். ஒப்பீட்டுப் பிரிவு, அதாவது வேறுபாட்டை அளப்பதற்காகப் பழைய முறையிலேயே விடப்பட்ட பிரிவு, நான்காம் ஆண்டில் ஆங்கில வழிக்கு மாறியது.

அறிவியலுக்கும் கணக்குக்கும் புதிய நூல்கள் எழுத வேண்டியிருந்தது. அது எளிய வேலையன்று: மரபான யொரூபா எண்முறை இருபதை அடியாகக் கொண்டு, கழித்தல் வழியே எண்ணுவது; 45 என்பது மூன்று இருபதிலிருந்து பத்தையும் ஐந்தையும் நீக்கி வருவது. வீட்டில் இப்படி எண்ணப் பழகிய பிள்ளைக்குப் பதின்மக் கணக்கை விளங்கவைப்பது எப்படி என்பதை யொரூபா அறிந்த ஆசிரியரே சிந்திக்க முடியும்.

சோதனைப் பிரிவு மற்றப் பாடங்களில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் முந்தியது. நல்ல நூல்களுக்கும் தேர்ந்த ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும், தாய்மொழி வழியில் படித்தால் ஆங்கிலம் கெடும் என்ற அச்சத்துக்கு அங்கே சான்று கிடைக்கவில்லை. பிள்ளை புரிந்துகொண்ட கருத்துக்கு இரண்டாம் மொழியில் பெயர் கற்பது, புரியாத மொழியில் புரியாத கருத்தைக் கற்பதைவிட எளிது.

ஆறாண்டுத் தாய்மொழி வழியை நைஜீரிய அரசு 2022இல்தான் தேசியக் கொள்கையாக ஏற்றது; பொதுத்தேர்வுகளின் மோசமான முடிவுகளைக் காரணம் காட்டி 2025இல் அதை நீக்கியது. 2022இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அப்போது தொடக்கப்பள்ளியையே முடித்திருக்கவில்லை. ஆகவே அப்பிள்ளைகள் எழுதியிராத அந்தத் தேர்வுகளின் முடிவுகளைக் கொண்டு இக்கொள்கையை எடைபோட்டது ஏற்கத்தக்க முடிவன்று.