கடைசி அடியில் பெயர் இருந்தால் போதுமா?

கபீர், சூர்தாஸ், மீரா பாடல்களில் கடைசி அடியில் அவங்க பெயர் வந்துவிடும், நம்ம சம்பந்தர் பதிக முடிவில் சொல்வது மாதிரி. கன்னடத்துப் பசவண்ணர் தன் பெயரைச் சொல்வதில்லை. ‘கூடலசங்கமதேவா’ என்ற விளிதான் அவர் முத்திரை.

பெயர் இருந்தால் பாட்டு அவருடையதுதானே என்று கேட்டால், அங்கேதான் சிக்கல். 1604இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தத்தைப் பாருங்க. குருநானக்குக்குப் பின் வந்த குருமார்களும் ‘நானக்’ என்றே முத்திரை வைத்தார்கள். அதனால் தலைப்பில் ‘மஹலா 1’, ‘மஹலா 3’ என்று எண் இருக்கும். மஹலா 3 என்றால் மூன்றாம் குரு அமர்தாஸ். கபீருக்கு அப்படி எண் போட ஆளில்லை. பாடினவங்க எல்லாரும் அவர் பெயரில் சேர்த்துக்கொண்டே போனார்கள். கிரந்தத்துக் கபீர் வேறு, பீஜக்கின் கபீர் வேறு என்று தோன்றும் அளவுக்கு வித்தியாசம். ‘கபீர் சொன்னது’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தொகுப்பில்?