காரணம் சொல்ல வராதீர்கள்

2021 ஏப்ரலில் ஆக்லாந்து ஈடன் பார்க்கில் சிக்ஸ்60 குழுவின் கச்சேரிக்கு ஏறக்குறைய 50,000 பேர் கூடினார்கள். அதே நாட்களில் களக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரில் கொரோனாவால் வீட்டுக்கு வீடு துக்க ஜெபம். மே மாதம் அப்பாவும் போய்விட்டார். ஏப்ரல் 11 முதல் இந்தியாவிலிருந்து வருவோருக்கு நியூசிலாந்து கதவைச் சாத்தியிருந்தது. மாதக் கடைசியில் குடிமக்களுக்கும் அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தாருக்கும் மட்டும் திறந்தார்கள். நானோ வேலை விசாவில் இருந்தவள். போனால் திரும்ப வழியில்லை. ஆக்லாந்து வெஸ்ட்கேட்டில் வீட்டில் உட்கார்ந்து அடக்கத்தைப் போனில் பார்த்தேன். படம் பிடித்த தம்பிக்குக் கை ஆடியதில் பாதி நேரம் வேப்பமரந்தான் தெரிந்தது.

பிறகு ஆறுதல் சொல்ல வந்தார்கள். "தேவ சித்தம்மா, இதிலயும் ஒரு நோக்கம் இருக்கும்" என்றார் பெரியவர் ஒருவர். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் போனபின் கதவைத் தாளிட்டுக்கொண்டு அழுதேன். துக்கத்தைவிடக் கோபந்தான் அதிகம்.

வேதாகமத்தில் யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள் மூவரும் முதலில் செய்தது சரியான காரியம். ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தபின்தான் வினை. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல்தான், புலம்பித் தீர்த்த யோபுமேல் அல்ல. தன் பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்று யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படவில்லை. தேவனுக்கும் சாத்தானுக்கும் பரலோகத்தில் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பிரசங்கங்களில் இதை ஏனோ வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்துச் சாட்சி ஒன்றும் உண்டு. டோனாவூரில் கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா அயர்லாந்துக்காரர். 1895-இல் இந்தியா வந்தவர் ஊர் திரும்பவே இல்லை. 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் மருந்தகத்துக்காகப் பிடித்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டும் நேரம். தோண்டக் கூடாத இடத்தில் யாரோ தோண்டி வைத்திருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 63. 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான்.

"அவர் விழுந்ததால்தான் அத்தனை புத்தகம் எழுதினார், பாருங்கள் தேவ நோக்கத்தை" என்று சொல்லாத பிரசங்கியார் எங்கள் பக்கம் குறைவு. கணக்கு உதைக்கிறது. விழுவதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே அவர் புத்தகம் எழுதிக்கொண்டுதான் இருந்தார். எனக்குப் பிடித்தது வேறு. நோயாளிகளுக்காகச் சுகமாயிருப்பவர்கள் எழுதுகிற ஆறுதல் நூல்கள் தனக்கு எட்டவில்லை என்று அவர் கூசாமல் எழுதினார். அதனால் 1933-இல், படுத்திருக்கிறவர் படுத்திருக்கிறவர்களுக்கு எழுதிய கடிதங்களாகவே 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' வந்தது. நோக்கத்தைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இருந்தது, வலி அவருடையது என்பதால். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்து, 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள்.

எனக்கு அந்த மே மாதம் உதவியவள் சபையில் அவ்வளவாகப் பழகாத ஓர் அக்கா. சோறும் புளிக்குழம்பும் அப்பளமும் கொண்டுவந்து வைத்தாள். "அப்பா பேர் என்ன?" என்று கேட்டாள். அப்பாவின் சைக்கிள், பள்ளிக்கூடம், பல்செட்டு என்று இரவு பத்து மணிவரை என்னைப் பேசவிட்டாள். வேத வசனம் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

இப்போது எங்கள் சபையில் யார் வீட்டில் சாவு என்றாலும் நாலைந்து பேர் வெஸ்ட்கேட் காஸ்ட்கோவில் கோழியும் தயிரும் வாங்கிச் சமைத்துக் கொண்டுபோகிறோம். விசுவாசம் குறைந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. கர்த்தருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்றே நம்புகிறேன். அப்பாவை அப்படி எடுத்துக்கொண்டதில் அது என்ன என்பது எனக்கு இன்றும் தெரியாது. துக்க வீட்டில் அது தனக்குத் தெரியும் என்று யாராவது ஆரம்பித்தால், பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று அடுப்படிக்கு அனுப்பிவிடுவேன்.