பீங்கானில் வார்த்த போர்

போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன களமும் படைக்கலமும் குருதியுமே. ஆயின் களத்திலிருந்து நெடுந்தொலைவில், வீட்டுக் கூடத்தில், போர் ஓர் அழகுப் பொருளாகவும் வீற்றிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்து (1914–1918) இங்கிலாந்தில் அதனைக் காண்கிறோம்.

பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் டபிள்யூ. எச். காஸ் நிறுவனத்தார் 1880களில் ஒரு புதுமை செய்தனர். உள்ளங்கையில் அடங்கும் வெண்பீங்கான் கலங்களை வார்த்து, ஏதேனும் ஓர் ஊரின் மரபுச் சின்னத்தை அவற்றின்மேல் வண்ணத்தில் தீட்டினர். இரயிலேறிக் கடற்கரை ஊர்களுக்குச் சென்ற மக்கள், சென்றுவந்ததன் அடையாளமாக அவற்றை வாங்கினர். பிற சூளைக்காரர்களும் அவ்வழியே தொடர்ந்தனர்.

போர் மூண்டதும் அச்சுகள் மாறின. குடுவையும் சாடியும் வார்த்த சூளைகளில் பீரங்கிக் குண்டும், நீர்மூழ்கிக் கப்பலும், செப்பலின் வானூர்தியும், ஆம்புலன்ஸ் வண்டியும் உருப்பெற்றன. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சு நாட்டுச் சோம் களத்தில் டாங்கி முதன்முதலாக இறங்கியது, அதுவும் பீங்கானாயிற்று. முதல் வகை டாங்கியின் பின்புறத்தில் திசை திருப்புதற்கென இரு சக்கரங்கள் இருந்தன. பின்வந்த வகைகளில் அவை நீக்கப்பட்டன. பொம்மைகளிலும் சக்கரம் உள்ளவை, இல்லாதவை என இருவகை உண்டு! விற்பனையாளர் களச் செய்தியை அத்துணைக் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர்.

1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மானியக் கப்பல்கள் ஸ்கார்பரோ முதலிய கடற்கரை ஊர்களைத் தாக்கின. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டு துளைத்த ஸ்கார்பரோ கலங்கரை விளக்கமும் கடைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று சென்னையைத் தாக்கிய எம்டன் கப்பல், நம் பேச்சு வழக்கில் ஒரு சொல்லாகத் தங்கிவிட்டதை ஈண்டு நினைக்கலாம். நமக்குச் சொல், அவர்களுக்குப் பொம்மை.

களத்து டாங்கி சேற்றில் புதைந்து கிடந்தது. பொம்மை டாங்கியோ பால்போல் வெளுத்து, பக்கத்தில் ஊர்ச்சின்னம் மின்ன நின்றது. இஃது உறுத்தத்தான் செய்கிறது. எனினும், வணிகரின் பேராசை என்று மட்டும் இதனை ஒதுக்கிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. களத்திலிருந்து வந்த மடல்கள் தணிக்கைக்கு உட்பட்டவை. தான் இருக்கும் இடத்தைக்கூட மகன் எழுத இயலாது. அவன் காண்பது எத்தகையது என்று தொட்டறிய, தாய்க்கு இப்பொம்மையாவது கிடைத்தது.

போர் ஓய்ந்தது, சூளைகள் ஓயவில்லை. களத்தில் மாண்ட பிரித்தானிய வீரர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுவருவதில்லை என அரசு முடிவு செய்திருந்தது. அவர்கள் நினைவாக 1920 நவம்பர் 11 அன்று இலண்டன் ஒயிட்ஹால் வீதியில் செனோடாஃப் திறந்துவைக்கப்பட்டது. வெற்றுக் கல்லறை என்பது அச்சொல்லின் பொருள். நடுகல் மரபறிந்த நமக்கு அது விளங்கும். அக்கல்லறையையும் கைக்கு அடக்கமாக வார்த்து, ஊர்ச்சின்னம் தீட்டி விற்றனர். டாங்கி நின்ற அதே தட்டில், மகனுடைய கல்லறையைக் காணாத தாய் அதனையும் வாங்கி வைத்தாள்.