மணிமேகலையைக் காணோமே!

2023 மே மாதம், லீவு சமயம். 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டாம் பாகம் ஏப்ரல் 28-ல் வெளியாகியிருந்தது. எங்கள் தெருப் பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்து நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறினோம். எண்பதைத் தாண்டிய என் மாமியாரும் முழங்கால் வலியைப் பார்க்காமல், "நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

அத்தைக்கு அந்தக் கதை மேல் அப்படி ஒரு பித்து. 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் அது தொடராக வந்தபோது அவர் சின்னப் பெண். வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டார்களாம். "தெருவுக்கே ஒரு புஸ்தகம்தான் வரும். நாலு வீடு சுத்தி எங்க கைக்கு வர்றதுக்குள்ள அடுத்த வாரம் ஆயிடும். அதுதாண்டி எனக்குப் பள்ளிக்கூடம்" என்பார்.

படம் முடிந்து திரும்பும்போது பஸ்சில் ஒரே வாக்குவாதம். முதல் பாகம்தான் விறுவிறுப்பு என்றார் ஒருவர். இல்லை, நந்தினியும் கரிகாலனும் சந்திக்கிற கட்டத்துக்கே இரண்டாம் பாகம் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு அக்காவுக்கோ கோபமான கோபம். "புஸ்தகத்துல சேந்தன் அமுதன்தானே செம்பியன் மாதேவியோட நிஜப் பிள்ளை? அவனுக்குத்தானே மகுடம்? படத்துல மதுராந்தகனுக்கே சூட்டிட்டாங்களே!"

கல்லூரியில் சரித்திரம் படிக்கும் என் மகள் விடவில்லை. "அத்தே, பிள்ளை மாறிப்போனது கல்கியோட கற்பனை. சரித்திரத்துல செம்பியன் மாதேவி மகன் மதுராந்தகன்தான் உத்தம சோழன்னு பேர் வச்சு ஆண்டார். அவருக்கப்புறம் 985-ல்தான் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தார். இந்த விஷயத்துல படம்தான் சரித்திரத்துக்குப் பக்கம்" என்றாள்.

எங்கள் ஊர் ரயில்வே கேட் வழக்கம்போல மூடியிருந்தது. அதுவரை வாய் திறக்காமல் வந்த அத்தை, அப்போதுதான் கேட்டார். "எல்லாம் சரிடி. மணிமேகலை எங்க?"

எல்லாரும் கப்சிப்.

படம் மட்டும் பார்த்த தோழிகளுக்காகச் சொல்கிறேன். கடம்பூர் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை மணிமேகலை. வந்தியத்தேவன் மேல் உயிரையே வைத்தவள். அவன் மனசு குந்தவையிடம் என்று தெரிந்த பிறகும் மாறாதவள். ஆதித்த கரிகாலன் கொலைப்பழி வந்தியத்தேவன் மேல் விழப்போகிறதே என்று, "நான்தான் கொன்றேன்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் துணிந்தவள். கடைசியில் சித்தம் கலங்கி, அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். கல்கி ஐந்து பாகக் கதையை முடிப்பதே அவள் மரணத்தோடுதான். படத்தில் கந்தமாறன் இருக்கிறான். தங்கையைத்தான் காணோம்.

"அவ இல்லாமலே கதை நல்லாத்தானே போச்சு, அப்பாயி?" என்றாள் என் மகள். அத்தை பதில் சொல்லவில்லை.

ராத்திரி சாப்பாடு ஆனதும், "கண்ணு சரியாத் தெரியல. கடைசி அத்தியாயத்தைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு" என்று பேத்தியைக் கூப்பிட்டார். அரட்டையில் கெட்டிக்காரியான பெண், படிக்கப் படிக்கக் குரல் கம்மிப்போனாள். முடிவுரையையும் படித்தாள். தொடர் முடிந்ததும் வாசகர்கள் குறைபட்டுக்கொண்டு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கல்கி அதில் பதில் சொல்லியிருக்கிறார். பின்னாளில் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று இந்தக் கதையைத் தொடர்ந்து எழுதினார். ஆக, பிடித்த கதை முடிந்தால் வாசகர்கள் சண்டைக்கு வருவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை!

இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாரையும் கொண்டுவர முடியாதுதான். யாரையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். டைரக்டரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் விடுவதென்று வந்தால், எதையும் கேட்காமல் எல்லாம் கொடுத்தவள்தான் முதலில் கண்ணுக்குப் படுகிறாளே, அதுதான் மனசை உறுத்துகிறது.

மறுநாள் பரண் சுத்தம் பண்ணும்போது என் கல்யாண ஆல்பம் கிடைத்தது. புரட்டிப் பார்த்தேன். அத்தை இருக்கிற போட்டோ ரெண்டே ரெண்டு. அதில் ஒன்றில் பாதி முகம்தான். "நீங்க எங்கத்தே போயிட்டீங்க?" என்றேன். "பந்திக்குப் பரிமாற ஆள் பத்தலைன்னு அடுப்படியில நின்னேன். கல்யாணம் நல்லாத்தானே நடந்துச்சு?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று சாயங்காலமே அப்பாயியை நடுவில் உட்கார வைத்து, செல்போனில் பத்துப் படம் எடுத்துவிட்டாள். புத்தகத்தையும் முதல் பாகத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

தோழிகளே, உங்கள் வீட்டு ஆல்பத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்களேன்.

- ஒரு வாசகி, நீடாமங்கலம்.