‘ஸ்டாக் இல்லீங்க’ என்று கடைக்காரர் சொன்னால்

2022 மே 16, 17 தேதிகளில் திருப்பூர் பனியன் கம்பெனிகள் கதவடைத்தன. நூல் விலை ஏற்றத்தைத் தாங்க முடியாமல் முதலாளிகளே நடத்திய போராட்டம் அது. பஞ்சு வரத்து உண்மையிலேயே குறைந்துவிட்டதா, யாராவது பதுக்குகிறார்களா என்று டீக்கடைகளில்கூடப் பேசினார்கள். தீபாவளி போனஸில் கேம் கன்சோல் வாங்கித் தருவதாக மகனிடம் சொல்லிவிட்டு, ‘ஸ்டாக் இல்லீங்க’ என்ற பதிலோடு தன் ஊரான கொமரலிங்கத்துக்குத் திரும்புகிற அப்பாவுக்கும் அதே சந்தேகம்தான் வரும்.

பிளேஸ்டேஷன் 5 கன்சோல் இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரி 2-ல். அப்போதைய விலை 49,990 ரூபாய். ஜனவரி 12-ல் தொடங்கிய முன்பதிவு சில நிமிடங்களில் முடிந்துபோனது. கம்பெனியே வேண்டுமென்று சரக்கைப் பிடித்து வைத்தது என்று பலர் நம்பினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. புதிதாக வரும் கன்சோலில் பெரும்பாலும் கம்பெனிக்கு லாபம் இல்லை. கேம்களிலும் சந்தாவிலும்தான் காசு. பெட்டி விற்காவிட்டால் அந்த வருமானமும் இல்லை. அந்தச் சமயத்தில் சிப் கிடைக்காமல் கார் தொழிற்சாலைகளே தடுமாறின.

ஆனால் ஃபிளாஷ் சேல் வேறு கதை. 2014 ஜூலையில் ஷாவ்மியின் எம்ஐ 3 போன் ஃபிளிப்கார்ட்டில் இரண்டாம் முறை விற்பனைக்கு வந்தபோது 5 விநாடியில் தீர்ந்தது. கையிருப்பைக் கொஞ்சமாக வைத்து, தீர்ந்த வேகத்தையே விளம்பரமாக்கும் முறை அது. இதை விற்பனை உத்தி என்று சொல்லத் தயக்கமே வேண்டாம்.

தட்டுப்பாடு நிஜமோ நாடகமோ, அதைக் காட்டி உங்கள் பையில் கை வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் கடைக்காரர் ஒரு ரூபாய் வாங்கினாலும் எடையளவுச் சட்டப்படி குற்றம். ‘இரண்டு கேமும் சேர்த்து எடுத்தால்தான் கன்சோல்’ என்று கட்டாயப்படுத்துவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக முறை என்கிறது. பொருளைப் போதுமான அளவு வைத்துக்கொள்ளாமல் குறைந்த விலை காட்டி ஆளை இழுப்பது, 2022-ல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளுக்கு எதிரானது. இணையக் கடையில் ‘இன்னும் இரண்டே இருக்கிறது’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதை, 2023 நவம்பர் 30-ல் வந்த வழிகாட்டு நெறிகள் தடைசெய்கின்றன.

பிளாக்கில் வாங்குவதுதான் பெரிய ஆபத்து. முன்பின் தெரியாத ஒருவருக்கு ஜிபேயில் பணம் போட்டுவிட்டு, பில் இல்லாமல் வாங்கிய பெட்டி பழுதானால் வாரன்டி கேட்க முடியாது. பணம் போன பிறகு அவர் போனை எடுக்காமல் போனால், உடனே 1930-க்கு அழைத்து இணைய மோசடிப் புகார் கொடுங்கள்.

கடை ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எம்.ஆர்.பி. புகாரைத் தொழிலாளர் துறையிலும் கொடுக்கலாம். பில், பெட்டியின் போட்டோ, ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வையுங்கள். இவை இல்லாமல்தான் நியாயமான புகார்கள் பல தோற்கின்றன. அதற்கும் தீராவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.